சிறுநீரில் போதைப்பொருள் பரிசோதனை: ஸ்ட்ரிப்பா, அனலைசரா, ஜிசி-எம்எஸ்ஸா, எல்சி-எம்எஸ்ஸா?

புதுச்சேரியில் லேப் வேலை பார்க்கிற என்னிடம் இந்தப் பரிசோதனை பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கடலூர் சிப்காட் பக்கம் ஆலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர்கள், போதை மறுவாழ்வு மையம் நடத்துபவர்கள், பெற்றோர். கேள்வி என்னவோ ஒன்றுதான்: "எந்த டெஸ்ட் சார் நல்ல டெஸ்ட்?" மூன்று பேருக்கும் ஒரே டெஸ்ட்டைச் சொன்னால், இரண்டு பேருக்காவது தவறான டெஸ்ட்டைச் சொன்னதாக ஆகிவிடும். அதனால்தான் கையில் பார்க்கும் ஸ்ட்ரிப், லேப் அனலைசர், பொருளைத் தனியாகப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ் ஆகியவற்றின் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ரிசல்ட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. ஒருவரை உட்கார வைத்துப் பேசுவதற்கா, சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கா, வேலையை மறுப்பதற்கா? விளைவு பெரிதாக ஆக, சோதனையும் கறாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள். நான் பார்த்தவரை பாதிக் குழப்பம் இங்கேதான். கடையில் கிடைக்கும் ஐந்து அல்லது ஆறு பேனல் (அதாவது அத்தனை வகைப் பொருளைப் பார்க்கும்) கிட்டுகளின் பட்டியல் பெரும்பாலும் அமெரிக்க வேலைவாய்ப்புச் சோதனைகளை ஒட்டி வந்தது. கஞ்சா, ஓபியேட் (மார்பின், கோடீன் போன்ற அபின் வகை), கோகெய்ன், ஆம்பிடமின் என்று போகும். நம் பக்கம் கஞ்சாவுக்கு அடுத்து அதிகம் பேசப்படுவது மாத்திரைகள்தான்: டேப்பென்டடால் போன்ற வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், அப்புறம் கோடீன் கலந்த இருமல் டானிக். இதில் கோடீன் ஓபியேட் பட்டியில் சிக்கும். டேப்பென்டடால் சிக்காது. அந்தப் பட்டியில் இருக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) மார்பினுக்காகச் செய்யப்பட்டது. டேப்பென்டடாலின் வடிவமே வேறு. டிரமடால், ஃபென்டனில், பியூப்ரினார்ஃபின் எல்லாவற்றுக்கும் இதே கதை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டி வேண்டும். மாத்திரை போடும் பையனுக்கு ஐந்து பேனல் கிட் வைத்துப் பார்த்து, எல்லாம் நெகட்டிவ் என்று வீடே நிம்மதியாகத் தூங்கப் போவது நடக்கிற விஷயம். கூல் லிப், ஹான்ஸ், ஒயிட்னர், பஞ்சர் பசை எதுவும் இந்தக் கிட்டுகளில் தெரியாது. மதுவும் தெரியாது.

மூன்றாவது, எத்தனை நாள் கழித்துச் சோதிக்கிறீர்கள். ஒருமுறை கஞ்சா அடித்தவருக்குச் சுமார் மூன்று நாள் வரை தெரியலாம். தினமும் அடிப்பவர் நிறுத்தினாலும் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் வரும், ஏனென்றால் அது உடல் கொழுப்பில் தங்கி மெதுவாகக் கசியும். ஆம்பிடமினும் ஓபியேட்டும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். கோகெய்னின் சிதைபொருள் இரண்டிலிருந்து நான்கு நாள். ஹெராயினுக்கே உரிய அடையாளமான 6-எம்ஏஎம் ஒரு நாள்கூடத் தாங்காது. எந்த முறையில் பார்த்தாலும், சிறுநீர் சொல்வது உடலுக்குள் அந்தப் பொருள் போயிருக்கிறது என்பதை மட்டும்தான். ஆலையில் விபத்து நடந்த நேரத்தில் ஆள் போதையில் இருந்தாரா என்று அதைக் கேட்க முடியாது.

மற்றவை: மாதம் எத்தனை சாம்பிள் வரும், யார் படிப்பார்கள், கரண்ட் போனால் என்ன ஆகும். ஒவ்வொரு முறையிலும் இவற்றைச் சொல்கிறேன்.

## முறைக்கு முன்னால் சாம்பிள்

கோடி ரூபாய் கருவியாக இருந்தாலும் பாட்டிலில் இருப்பது வேறு ஒருவருடைய சிறுநீர் என்றால் பயனில்லை. சாம்பிள் கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் அதன் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் விதி. கப்பின் பக்கத்தில் வெப்பநிலைப் பட்டை ஒட்டித் தருகிறார்கள். ஏசி கழிப்பறை இருக்கும் ஊருக்கு அது நல்ல விதி. கடலூரில் மே மாதம் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக் கொண்டுவந்த யாருடைய சிறுநீரும் தானாகவே அந்த அளவுக்குள் வந்து நிற்கும். அதனால் நம் வெயிலில் வெப்பப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். சாம்பிள் எடுக்கும் அறையில் குழாயை மூடி, ஃபிளஷ் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து, பையையும் மேல்சட்டையையும் வெளியே வைக்கச் சொல்வது அதைவிடப் பலன் தரும்.

சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவான கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, ஒப்படர்த்தியும் 1.003-க்குக் கீழே போனால் தண்ணீர் குடித்தோ ஊற்றியோ நீர்த்துப்போன சாம்பிள். 2-க்கும் கீழே போய், ஒப்படர்த்தியும் கிட்டத்தட்டத் தண்ணீர் அளவிலேயே இருந்தால் அது மனிதச் சிறுநீராகவே இருக்க வாய்ப்பில்லை. பிஎச்சும் நைட்ரைட்டும் பார்த்தால் ப்ளீச்சிங், வினிகர் வகையறா கலப்படம் பெரும்பாலும் பிடிபடும். ஒன்று கவனம்: வெயிலில் பல மணி நேரம் கிடந்த நல்ல சாம்பிளின் பிஎச்சே 9-ஐத் தொடும். அதை வைத்து ஆளைக் கலப்படக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது.

## ஸ்ட்ரிப் கிட்

சில நூறு ரூபாய், ஐந்து நிமிடம். லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

இதைப் படிப்பதில்தான் ஆள் தவறுகிறார்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டியில் கோடு வந்தால் பாசிட்டிவ். இதில் தலைகீழ்: கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால் பாசிட்டிவ். பட்டியில் கோடு விழ வேண்டிய இடத்தில் அந்தப் போதைப்பொருளையே ஒட்டி வைத்திருப்பார்கள். நிறமேற்றிய ஆன்டிபாடி நகர்ந்து வந்து அதில் ஒட்டினால் கோடு தெரியும். சிறுநீரில் ஏற்கெனவே பொருள் இருந்தால் ஆன்டிபாடி அதோடு சேர்ந்து வழியிலேயே நிரம்பிவிடும். கோட்டில் ஒட்ட மிச்சம் இருக்காது. ஆகவே மங்கலான கோடும் கோடுதான், நெகட்டிவ்தான். "லேசாத்தான் தெரியுது, அப்ப கொஞ்சமா எடுத்திருக்கான்" என்று படிப்பது தவறு. ‘சி’ கோடு வரவில்லை என்றால் பட்டியே கெட்டுவிட்டது என்று பொருள். உறையில் சொன்ன நேரம் தாண்டிப் பார்த்த ரிசல்ட்டும் கணக்கில் சேராது.

அடுத்து கட்-ஆஃப், அதாவது பாசிட்டிவ் என்று சொல்வதற்கான குறைந்தபட்ச அளவு. கஞ்சாவுக்கு வழக்கமான அளவு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். அதற்குக் கீழே இருந்தால் நெகட்டிவ் என்றே வரும், பொருள் இருந்தாலும். ஓபியேட் விஷயத்தில் சந்தையில் இரண்டு அளவு உலவுகிறது, 300, 2000. முன்பு அமெரிக்க அரசு வேலைச் சோதனையில் 300 இருந்தது; 1998-இல் அதை 2000 ஆக்கினார்கள். கசகசா சாப்பிட்டவர்களும் கோடீன் மருந்து எடுத்தவர்களும் வீணாக மாட்டிக்கொண்டதே காரணம். கசகசாவின் மேல்தோலில் சிறிது மார்பின் ஒட்டியிருக்கும். கழுவி, அரைத்து, கொதிக்க வைப்பதில் பெரும்பகுதி போய்விடும் என்றாலும், முந்தைய நாள் விருந்துக் குருமா 300 கிட்டில் தொல்லை தரக்கூடும். ஆள் எடுக்கிற ஆலை 2000 கிட் வாங்குவதே நியாயம். மறுவாழ்வு மையத்துக்கு 300 பொருந்தும், ஏனென்றால் அங்கே தவறவிடுவதுதான் பெரிய நஷ்டம். பெட்டியின் மேல் எண் அச்சிட்டிருக்கும். வாங்குபவர்கள் பார்ப்பதில்லை.

பொய்ப் பாசிட்டிவுக்கு மருந்துகளும் காரணம். ரானிடிடினும், கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தத்துக்குத் தரும் லேபெட்டலாலும் சில ஆம்பிடமின் சோதனைகளில் குறுக்கிடும். ஒஃப்லாக்சசின், லெவோஃப்லாக்சசின் ஓபியேட்டில். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில ஓபியேட் சோதனைகளில் அப்படித்தான். எந்தப் பட்டி எதற்கு ஏமாறும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், சாம்பிள் எடுக்கும்போதே கடந்த சில நாளில் சாப்பிட்ட மருந்துகளை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மறைமுகச் செலவு வெயில். பெரும்பாலான கிட்டுகளை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். தகரக் கூரை ஸ்டோர் ரூமில் மூன்று மாதம் கிடந்த பெட்டி காலாவதி ஆகாமலே கெட்டிருக்கும். விலை மலிவு என்று வருடத்துக்கு ஆகிற மாதிரி மொத்தமாக வாங்குவது இங்கே சிக்கனம் இல்லை.

## அனலைசரில் ஓடும் இம்யூனோ அஸே

இம்யூனோ அஸே என்றால் ஆன்டிபாடி வைத்துச் செய்யும் சோதனை. ஸ்ட்ரிப்பைப் போல இதற்கும் ஆன்டிபாடிதான். பட்டிக்குப் பதில் திரவ ரீஏஜென்ட். கண்ணுக்குப் பதில் கருவி. எமிட் என்ற பழைய முறையில், ஒரு நொதியில் போதைப்பொருளை ஒட்டி வைத்திருப்பார்கள். ஆன்டிபாடி பிடித்தால் நொதி வேலை செய்யாது. சாம்பிளில் பொருள் இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ள, நொதி விடுபட்டு வேலை செய்யும். அந்த வேகத்தை 340 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள். சுகர், யூரியா பார்க்கிற பயோகெமிஸ்ட்ரி அனலைசரிலேயே பல மாடல்களில் இதை ஓட்டலாம்.

நன்மைகள் தெளிவானவை. மங்கல் கோடு சண்டை இல்லை. ஒரே ஓட்டத்தில் கிரியேட்டினினும் பிஎச்சும் பார்த்துவிடலாம். நூறு பேர் சாம்பிள் வந்தாலும் மதியத்துக்குள் முடியும்.

செலவு ரீஏஜென்ட்டில் ஒளிந்திருக்கிறது. திறந்த பாட்டில் கருவிக்குள் சில வாரம்தான் தாங்கும். ஒரே ஒரு சாம்பிள் வந்த நாளிலும் கண்ட்ரோல் (ரிசல்ட் முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டியாக வேண்டும். என் கணக்கில், வாரம் பத்துப் பதினைந்து சாம்பிளாவது வராத லேப் இதில் இறங்கினால் பாதி ரீஏஜென்ட் சாக்கடைக்குத்தான் போகும்.

இதைவிட முக்கியமானது: அச்சிட்ட எண் வந்தவுடன் பலர் இதை உறுதிச் சோதனை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆன்டிபாடி ஏமாறும் இடத்தில் கருவியும் ஏமாறும். ஸ்ட்ரிப்பில் பாசிட்டிவ் வந்ததை அனலைசரில் மறுபடி பார்ப்பதோ, வேறு கம்பெனி ஸ்ட்ரிப்பில் பார்ப்பதோ உறுதிப்படுத்துவது ஆகாது. தூக்க மாத்திரைகளில் எதிர்த்திசையில் ஒரு சிக்கல் உண்டு. பென்சோடயாஸபின் சோதனைகள் பெரும்பாலும் ஆக்ஸாஸபாமைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. குளோனாஸபாமும் லோராஸபாமும் எடுத்தவர் அதில் நெகட்டிவாக நழுவிப் போகலாம்.

## டிஎல்சி

தகட்டில் சாம்பிளைப் புள்ளி வைத்து, கரைப்பான் ஏற விட்டு, டிராகன்டார்ஃப் போன்ற திரவம் தெளித்து நிறம் பார்க்கும் பழைய முறை. கருவிச் செலவு மிகக் குறைவு. எதிர்பாராத மருந்துகளும் கண்ணில் படும். ஆனால் குறைந்த அளவைப் பிடிக்காது, நிறம் படிக்க வருடக் கணக்கில் பழகிய கண் வேண்டும். கற்றுக்கொடுக்க நல்ல முறை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஜிசி-எம்எஸ்

உறுதிச் சோதனை என்று உலகம் நீண்டகாலம் ஒப்புக்கொண்ட முறை. பல போதைப்பொருள்கள் சிறுநீரில் குளுக்குரோனைடு என்ற உடல் சேர்க்கும் பொருளோடு ஒட்டி வெளியேறும். அப்படிப்பட்டவற்றுக்கு முதலில் அந்த ஒட்டை நொதியோ காரமோ வைத்து வெட்ட வேண்டும். பிறகு பிரித்தெடுத்து, உலர்த்தி, ஆவியாகும்படி வேதிமாற்றம் செய்து கருவிக்குள் செலுத்த வேண்டும். நீண்ட குழாயில் ஒவ்வொரு பொருளும் தனக்கான நேரத்தில் வெளியே வரும். வந்ததை எலக்ட்ரான் கற்றை உடைக்கும். துண்டுகளின் எடையும் அவற்றின் விகிதமும், தெரிந்த தூய மாதிரியோடு பொருந்த வேண்டும். நேரம், துண்டுகள், விகிதம் மூன்றும் தற்செயலாகப் பொருந்துவது மிக அரிது. இங்கே ரானிடிடினுக்கு ஏமாற இடம் இல்லை.

கட்-ஆஃப் இங்கே இறங்கும் என்பதையும் கவனியுங்கள். கஞ்சாவுக்கு ஸ்ட்ரிப்பில் 50, உறுதிச் சோதனையில் 15. ஆன்டிபாடி கஞ்சாவின் பல சிதைபொருள்களைச் சேர்த்து எண்ணுகிறது, ஜிசி-எம்எஸ் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து எண்ணுகிறது. ஸ்ட்ரிப்பில் பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு உறுதி அறிக்கையில் 30 என்று இருந்தால், "50-க்குக் கீழேதானே" என்று வாதாட முடியாது.

குற்றம் குறை இல்லாத முறையும் அல்ல. எபிட்ரின் வகைச் சளி மருந்து நிறைய இருக்கும் சாம்பிளில், சில வேதிமாற்ற முறைகளும் அதிக வெப்பமும் சேர்ந்தால் கருவிக்குள்ளேயே மெத்தாம்பிடமின் உருவானது முன்பு கண்டறியப்பட்டது. தேர்ந்த லேப்கள் இதற்குத் தடுப்பு வைத்திருக்கும்.

கருவி பல லட்சம். அதற்கு மேல் ஹீலியம் வாயு, நம் நாட்டுக்கு அது இறக்குமதிதான். தூய போதைப்பொருள் மாதிரிகள் வாங்க அனுமதி நடைமுறை. தயாரிப்பு வேலைக்கே ஒரு நாள் போகும். மாவட்ட அளவு லேபுக்கு இதை வாங்கிப் போடுவதைவிட வெளியே அனுப்புவதே புத்திசாலித்தனம்.

## எல்சி-எம்எஸ்/எம்எஸ்

திரவத்தில் பிரித்து, எடை பார்த்து, உடைத்து, உடைந்ததை மறுபடி எடை பார்ப்பது. ஆவியாக்கத் தேவையில்லாததால் வேதிமாற்ற வேலை மிச்சம். ஒரே ஓட்டத்தில் பல பத்து மருந்துகள். டேப்பென்டடால், பியூப்ரினார்ஃபின், குளோனாஸபாம் என்று ஸ்ட்ரிப்பும் அனலைசரும் தடுமாறும் இடமெல்லாம் இதன் களம்.

மறுவாழ்வு மையங்கள் இதை ஒரு காரணத்துக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். அபின் வகைப் பழக்கத்தை விடத் தரும் பியூப்ரினார்ஃபின் சிகிச்சையில் இருப்பவர் மாத்திரையை எடுத்துக்கொள்ளாமல் வெளியே விற்றுவிட்டு, ஒரு துணுக்கைச் சாம்பிளில் கரைத்துக் கொடுப்பது உண்டு. ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டும், மையம் நம்பிவிடும். எல்சி-எம்எஸ் அறிக்கையில் பியூப்ரினார்ஃபின் எக்கச்சக்கமாக இருக்கும். உடலுக்குள் போனால் மட்டுமே உண்டாகும் நார்பியூப்ரினார்ஃபின் ஏறக்குறைய இருக்காது. கஞ்சா நிறுத்தியவருக்கும் இதே போல எண் உதவும். ஒரு மாதமாகப் பாசிட்டிவாகவே வருகிறது என்றால், அளவைக் கிரியேட்டினினால் வகுத்து வாரா வாரம் பார்க்கலாம். இறங்கிக்கொண்டே வந்தால் பழைய கழிவு. திடீரென ஏறினால் பேச வேண்டிய நேரம்.

விலை கோடியைத் தாண்டும். கருவியின் உள்ளே வெற்றிடம் எப்போதும் இருக்க வேண்டும், நினைத்த நேரத்தில் அணைத்துப் போட முடியாது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் கரண்ட் எத்தனை நாள் வரவில்லை என்பது ஊருக்குத் தெரியும். இந்தக் கடற்கரையில் இக்கருவி வைப்பவர் ஜெனரேட்டர் டீசலையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இந்தக் கருவி தேடச் சொன்னதை மட்டும் தேடும். பட்டியலில் இல்லாத புதுச் செயற்கைப் பொருள் முன்னால் இருந்தாலும் சொல்லாது.

## ஒரு பார்வையில்

| | ஸ்ட்ரிப் | அனலைசர் | ஜிசி-எம்எஸ் | எல்சி-எம்எஸ்/எம்எஸ் |
|---|---|---|---|---|
| நேரம் | 5 நிமிடம் | சில மணி | சில நாள் | சில நாள் |
| உறுதிச் சோதனையா | இல்லை | இல்லை | ஆம் | ஆம் |
| அளவு சொல்லுமா | சொல்லாது | தோராயம் | துல்லியம் | துல்லியம் |
| டேப்பென்டடால் | தனிப் பட்டி இருந்தால் | தனி ரீஏஜென்ட் இருந்தால் | முறை அமைத்திருந்தால் | எளிது |
| மறைமுகச் செலவு | வெயிலில் கெடும் கிட் | வீணாகும் ரீஏஜென்ட் | ஹீலியம், ஆள் நேரம் | கரண்ட், பராமரிப்பு |

## யாருக்கு எது

ஆலைக்கு: ஸ்ட்ரிப்பில் அல்லது அருகிலுள்ள லேப் அனலைசரில் முதல் சோதனை. சாம்பிளை எடுக்கும்போதே இரண்டு பாட்டிலாகப் பிரித்து, அவர் கண்முன் சீல் வைத்து, கையெழுத்து வாங்கி, இரண்டாவதை ஃப்ரீசரில் வையுங்கள். பாசிட்டிவ் வந்தால் அதை ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள். அந்த அறிக்கை வரும்வரை பாசிட்டிவ் என்ற சொல்லே ஹெச்.ஆர் ஃபைலில் ஏறக் கூடாது. உறுதிச் சோதனைக்குப் பணம் இல்லை என்றால் ஸ்ட்ரிப் சோதனையும் வேண்டாம் என்பது என் கட்சி. மதுதான் உங்கள் கவலை என்றால், புதுச்சேரி எல்லை பக்கத்திலேயே இருக்கிற ஊரில் அது நியாயமான கவலைதான், கேட்டில் பிரெத் அனலைசர் வையுங்கள். சிறுநீர் கிட் அதற்கு உதவாது.

மறுவாழ்வு மையத்துக்கு: அன்றாடத்துக்கு ஸ்ட்ரிப் போதும், ஆனால் பேனலை நீங்கள் தேர்ந்தெடுங்கள். டேப்பென்டடால், டிரமடால், பியூப்ரினார்ஃபின், பென்சோடயாஸபின் பட்டிகள் இருக்கட்டும். கோகெய்ன் பட்டிக்குக் கொடுக்கும் காசு இங்கே பெரும்பாலும் வீண். சாம்பிள் தருபவர் பாசிட்டிவை மறுத்தாலோ, ரிசல்ட்டும் ஆளின் நிலையும் பொருந்தாவிட்டாலோ மட்டும் எல்சி-எம்எஸ்.

போலீஸ் வழக்குக்கு: மேலே சொன்ன எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். அங்கே அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கைதான் பேசும்.

பெற்றோருக்கு: பாத்ரூமில் தெரியாமல் சாம்பிள் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நெகட்டிவ் வந்தால் மேலே சொன்ன காரணங்களால் நம்ப முடியாது. பாசிட்டிவ் வந்தால் அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்ற சண்டையில் விஷயமே அமுங்கிவிடும். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பிள்ளையோடு போய், தேவையான பேனலை டாக்டர் எழுதட்டும். வழக்கு வருமோ என்று பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு: போதைப்பொருள் சட்டம் 1985-இன் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையாகித் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுப்பவருக்கு, உபயோகித்தது, சிறிய அளவு வைத்திருந்தது போன்ற குற்றச்சாட்டுகளில் பாதுகாப்புத் தருகிறது.

## வெளி லேபுக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

என்ஏபிஎல் (லேப்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இந்தப் பரிசோதனை அந்தச் சான்றின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். "டிரக் பேனல்" என்று விலைப்பட்டியலில் இருப்பது இம்யூனோ அஸேயா, மாஸ் ஸ்பெக்கா (ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ் வகை)? எந்தெந்த மருந்துகள், எந்தக் கட்-ஆஃப்? அறிக்கையில் கிரியேட்டினின் வருமா? பாசிட்டிவ் சாம்பிளை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள்? அப்புறம், சாம்பிளை ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள், சனிக்கிழமை அனுப்பாதீர்கள். ஞாயிறு முழுக்க கூரியர் கிடங்கில் வெந்த சாம்பிளில் கோகெய்னும் 6-எம்ஏஎம்மும் சிதைந்துகொண்டே இருக்கும்.